இரண்டாவது கண்ணில்தான் நேரம் போகிறது

மேக்கப் போடுகிறவர்களிடம் எந்த இடத்தில் நேரம் கையை விட்டுப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஃபவுண்டேஷன் என்றோ லிப்ஸ்டிக் என்றோ பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். முதல் கண்ணில் ஐலைனர் அழகாக வந்துவிடும், இரண்டாவது கண்ணில்தான் வம்பு ஆரம்பிக்கும். கண்ணோரத்தில் மேல்நோக்கி இழுக்கிற வால், அதாவது விங், மயிரிழை அளவு கீழே இறங்கியிருக்கும், அதைத் தூக்கப் போனால் கோடு கொஞ்சம் தடித்துவிடும், இப்போது முதல் கண் மெலிந்து தெரியும், சரி அதையும் லேசாகத் தடிக்க வைக்கலாம் என்று போனால் அது இதைத் தாண்டிவிடும், அப்புறம் மறுபடியும் இந்தப் பக்கம். மெல்லிய கோடாகத் தொடங்கியது, பாதி இமையை மூடிக்கொண்டு நிற்கும். உட்கார்ந்திருப்பவருக்குக் கண்ணில் தண்ணீர் வர ஆரம்பித்திருக்கும்.

எல்லாமே கச்சிதமாக வந்தால்தான் பிரஷ்ஷைக் கீழே வைப்பேன் என்கிற பிடிவாதம் இந்தத் தொழிலில் பலருக்கு உண்டு. அக்கறையால் வருவதுதான் அது. வேலையை நேசிக்காதவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஆனால் அந்தப் பிடிவாதம் முகத்தைக் கெடுக்கிறது என்பதுதான் என் கட்சி. நேரமாகிறது, அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அப்புறம். காலமே தடையில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கட்டத்துக்கு மேல் கைவைக்க வைக்க மேக்கப் மோசமாகத்தான் ஆகும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் வேகமும் கூடியது, வேலையும் சுத்தமானது.

எப்படி மோசமாகிறது என்று பார்ப்போம். நீடித்து நிற்கிற ஃபவுண்டேஷன்கள் பலவற்றில் சீக்கிரம் ஆவியாகிற சிலிக்கோன் சேர்ந்திருக்கும். தடவிய சில நிமிஷங்களில் அது காற்றில் போய்விடும், நிறமியும் அதைப் பிடித்து வைக்கிற படலமும் மட்டும் தோலில் தங்கும். அதற்கப்புறம் அங்கே ஸ்பாஞ்ச் வைத்து ஒற்றினால் பாதி படலம் ஸ்பாஞ்சோடு வந்துவிடும். இப்போது திட்டுத் திட்டாகத் தெரியும், அதை மறைக்க இன்னொரு பூச்சு, அது ஒட்டாது, அதற்கு மேல் பவுடர், பவுடர் பிடித்த இடத்தில் மறுபடி திரவம். இந்த வரிசை எங்கே போய் முடியும் என்று தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், மூக்கோரத்தில் அழுக்கு உருளுவது போலச் சின்னச் சின்ன உருண்டைகள். கண்ணுக்கடியில் கருமையை மறைக்கப் போடுகிற கன்சீலரும் இப்படித்தான். மெல்லியதாகப் போட்டால் மெல்லிய கோடு விழும், அந்தக் கோட்டை நிரப்ப இன்னும் கொஞ்சம் போட்டால் ஆழமான கோடு விழும். அந்த இடத்துத் தோல் நாள் முழுக்க மடிந்து விரிகிற தோல், எவ்வளவு கூடுதலாகப் பொருள் இருக்கிறதோ அவ்வளவும் மடிப்பில்தான் போய்ச் சேரும்.

இன்னொன்று கண் சம்பந்தப்பட்டது, நம் கண். ஒரே நிறத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அந்த நிறத்துக்குப் பழகிவிடும், அதன் அழுத்தம் குறைந்ததுபோலத் தோன்றும். கன்னத்தில் பிளஷ் போட்டுக் குனிந்தபடியே பிளெண்ட் செய்துகொண்டிருக்கிறீர்கள், ‘இன்னும் தெரியவே இல்லையே’ என்று தோன்றுகிறது, இன்னொரு முறை பிரஷ்ஷைத் தொடுகிறீர்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் கன்னம் அறை வாங்கியதுபோல் சிவந்திருக்கும். புருவத்துக்கும் இதே கதைதான். அதனால் நிறம் சம்பந்தப்பட்ட எதையும் முடிவு செய்யுமுன் நான் கண்ணை எடுத்துவிடுவேன். ஜன்னலைப் பார்ப்பேன், வெள்ளைத் துண்டைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பிரஷ் துடைப்பேன். சில நொடிகள் போதும். திரும்பிப் பார்க்கும்போது முதலில் என்ன கண்ணில் படுகிறதோ அதுதான் உண்மை. அதைத் தாண்டித் தேடிக் கண்டுபிடிக்கிற குறைகளை நான் இப்போது நம்புவதில்லை.

அடுத்தது தூரம். வேலை செய்யும்போது நம் கண்ணுக்கும் அந்த முகத்துக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியிலிருந்து அவரை வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? பேசுகிறவர் ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்பார், மேடையென்றால் முதல் வரிசையே சில மீட்டர் தள்ளி. ஆகவே வேலை தொடங்கும்போதே ‘இந்த முகம் எந்தத் தூரத்திலிருந்து பார்க்கப்படப் போகிறது’ என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன், நேருக்கு நேரா, கேமராவா, மேடையா. கேமராவிலும் குளோசப் என்றால் ஒன்று, கூட்டத்தோடு நிற்கிற படம் என்றால் வேறு. அந்தத் தூரத்தில் தெரியாத ஒன்றுக்காக நேரம் செலவழிப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

1930களின் தொடக்கத்தில் ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் ஒரு கருவி செய்தார், பியூட்டி மைக்ரோமீட்டர் என்று பெயர். தலையைச் சுற்றி உலோகப் பட்டைகள், அவற்றில் வரிசையாகத் திருகுகள், பார்க்கவே பயமாக இருக்கும். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத முக வித்தியாசங்களை அளந்து காட்ட வேண்டும், அவற்றை மேக்கப்பால் சரிசெய்ய வேண்டும் என்பது எண்ணம். பெரிய திரையில் முகம் பல மடங்கு பெரிதாகும் என்பதால் அவருக்கு அதில் ஒரு நியாயமும் இருந்தது. ஆனால் அந்தக் கருவி தொழிலில் பரவவில்லை. அளந்து பார்த்தால் எந்த முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது. ஒரு புருவ எலும்பு கொஞ்சம் மேலே இருக்கும், ஒரு கண் இமை இன்னொன்றைவிட அதிகமாக மூடும், சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கூடுதலாக ஏறும். நம்மில் பலர் அந்தத் திருகுகள் இல்லாமலே அதே கருவியைக் கண்ணுக்குள் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறோம்.

விங் விஷயத்துக்கே வருகிறேன். இரண்டு கண்களும் வேறு வேறு என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே கோட்டை வரைந்தால் ஒன்றுபோல் தெரியாது, அளவில் சற்று வேறான கோடுகள்தான் ஒன்றுபோல் தெரியும். அதனால் கண்ணை மூடச் சொல்லி வரைந்து முடித்துவிட்டு அப்புறம் திறக்கச் சொல்வதில் பயனில்லை. கண்ணைத் திறந்து நேராகக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள், விங் முடிய வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு சின்னப் புள்ளி வையுங்கள், எதிரே நின்று இரண்டு புள்ளிகளையும் ஒப்பிடுங்கள். பிடிக்காவிட்டால் புள்ளியைத் துடைப்பது எளிது. புள்ளிகள் சரியான பிறகு வலது கண்ணில் பாதி, இடது கண்ணில் பாதி என்று மாறி மாறி முன்னேறுங்கள். ஒரு கண்ணை முழுசாக முடித்துவிட்டால் அது சட்டமாகிவிடும், இன்னொரு கண் அதற்குக் கட்டுப்பட வேண்டியதாகிவிடும். வித்தியாசம் வந்தால் பெரியதைக் குறையுங்கள், சின்னதை வளர்க்காதீர்கள். காட்டன் பட்ஸில் மேக்கப்பைத் துடைக்கிற மைசெல்லார் வாட்டரைத் துளி தொட்டு, அதைக் கிட்டத்தட்ட காயும் அளவுக்குப் பிழிந்து, கீழிருந்து மேலாக ஒரே இழுப்பு. ஈரம் அதிகமானால் ஓரம் கலங்கிவிடும். துடைத்த இடத்தில் தட்டையான பிரஷ்ஷால் கன்சீலரை ஒரு மயிரளவு ஒட்டினால் கோடு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும்.

முழு முகத்துக்கும் இதே முறைதான். ஒரு மூலையை முடித்து அடுத்த மூலைக்குப் போவது இல்லை, முழு முகத்தையும் சேர்த்துச் சேர்த்து மேலே கொண்டுவருவது. முதலில் எல்லா இடத்திலும் சுமாரான நிலை, அப்புறம் எல்லா இடத்திலும் நல்ல நிலை, கடைசியில் தேவைப்பட்ட இரண்டு மூன்று இடத்தில் மட்டும் நுணுக்கம். இதில் ஒரு பெரிய பாதுகாப்பு இருக்கிறது: எந்த நிமிஷத்தில் ‘கிளம்பலாம்’ என்று குரல் வந்தாலும் வெளியே அனுப்பக்கூடிய முகம் கையில் இருக்கும். ஒரு கண் அற்புதம், இன்னொரு கண் வெறுமை என்கிற நிலை வரவே வராது. அதோடு, ஒரு கண்ணை மட்டும் பார்த்து ‘போதவில்லை’ என்று நினைத்தது, உதட்டுக்கு நிறம் வந்ததும் சரியாகிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். முகம் முழுக்க ஒன்றையொன்று சார்ந்தது, தனியாகப் புருவத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

காத்திருக்கிற நேரங்களை வேலைக்குள் நுழைத்துக்கொள்வதும் பழக்கத்தில் வரும். மாய்ஸ்சரைசர் தோலில் இறங்க நேரம் வேண்டும், அதற்குள் புருவத்தை முடித்துவிடலாம். லாஷ் எனப்படும் ஒட்டு இமைமுடியைப் பசை தடவியதும் ஒட்டினால் வழுக்கும், அரை நிமிஷம் போலப் பிசுபிசுப்பு ஏறட்டும், அந்த நேரத்தில் இன்னொரு கண்ணின் சொந்த இமைமுடியைக் கர்ல் செய்யலாம். மினுமினுப்பான ஐ ஷேடோ என்றால் கண்ணை முதலில் முடித்துவிட்டு ஃபவுண்டேஷனுக்குப் போவேன், உதிர்ந்ததைத் துடைக்க நேரம் வீணாகாது. ஃபவுண்டேஷன் ஷேட் சில பேர் தோலில் போட்ட கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும், ஆகவே தாடை ஓரத்தில் சோதிப்பதை ட்ரையல் அன்றே, அதாவது நிகழ்ச்சிக்கு முன்னால் ஒத்திகையாகப் போட்டுப் பார்க்கிற நாளிலேயே செய்து, கால் மணி நேரமாவது விட்டுப் பார்த்து, குறித்து வைத்துவிட வேண்டும். எந்த இரண்டு ஷேடை எந்த விகிதத்தில் கலந்தேன், எந்த லிப் லைனர், லாஷை எந்தப் பக்கம் எவ்வளவு வெட்டினேன் என்பதெல்லாம் நோட்டில் இருக்கும். ட்ரையலில் எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். நிகழ்ச்சி நாளில் யோசிக்கிற வேலை கிடையாது. அன்றைக்குப் புதுப் பொருள் எதையும் கிட்டிலிருந்து எடுப்பதும் கிடையாது.

எதை விட்டுவிட வேண்டும் என்று கேட்டால் முதலில் சொல்வது தோலின் மேடுபள்ளம். நிறத்தை நிறத்தால் மறைக்கலாம். கண்ணுக்கடியில் நீலக் கருமை இருந்தால் பீச்சோ ஆரஞ்சோ கலர் கரெக்டர், சிவப்புத் திட்டுக்குப் பச்சை, அதன் மேல் தோல் நிறம், வேலை முடிந்தது. ஆனால் பரு மேடாக நிற்கிறது என்றால் அதன் சிவப்பைத்தான் நம்மால் எடுக்க முடியும், மேட்டை எடுக்க முடியாது. பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்போது அதற்கு நிழல் விழத்தான் செய்யும். துவாரங்களும் மெல்லிய ரோமமும் அப்படியே. பூச்சு ஏற ஏற மேடு இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான். உயிருள்ள தோலுக்கு இதெல்லாம் இருக்கும், இருக்கட்டும்.

விடக்கூடாதவையும் இருக்கின்றன, இதில் நான் கறார். முகமும் கழுத்தும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அது பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும். ஃபவுண்டேஷன் முடிகிற ஓரங்கள், அதாவது தாடை, காது, முடியோரம், கரைந்திருக்க வேண்டும். ஃபிளாஷ் படம் எடுக்கப் போகிறார்கள் என்றால் ஒரு படமாவது ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், சிலிக்கா அதிகமுள்ள பவுடர் நேரில் ஒன்றும் தெரியாமல் படத்தில் வெள்ளையாக அடிக்கும். வெளிச்சம் நல்லதாக இருக்க வேண்டும், பகல் வெளிச்சத்துக்குக் கிட்டே, விளக்கின் நிற அளவு 5000 கெல்வின் பக்கம், நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்று சொல்கிற சிஆர்ஐ எண் 90க்கு மேல். மஞ்சள் பல்பின் கீழே ஷேட் தேடிக்கொண்டு நேரத்தை விடுகிறவர்கள் முதலில் விளக்கை மாற்றட்டும். எல்லாவற்றுக்கும் மேலே சுத்தம். மஸ்காரா குச்சி ஒருமுறைக்கு ஒன்று, குழாய்க்குள் திரும்ப விடக்கூடாது. கிரீம் பொருட்களை ஸ்பாட்டுலாவால் எடுத்துத் தட்டில் வைத்துத்தான் தொட வேண்டும். தட்டுக்கும் ஸ்பாட்டுலாவுக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், அது 99 சதவீதத்தைவிட மெதுவாகக் காய்வதால் கிருமியோடு அதிக நேரம் இருக்கும். பிரஷ்ஷுக்குச் சோப்புக் குளியல். பிடிவாதம் பிடிக்க ஆசையிருந்தால் இங்கே பிடியுங்கள், இதில் எவ்வளவு பிடித்தாலும் யாருக்கும் கெடுதல் இல்லை.

பால் ஹெவிட், கார்டன் ஃப்ளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1991இல் இந்தக் கச்சித மனப்பான்மையை மூன்றாகப் பிரித்தார்கள். நமக்கு நாமே விதிப்பது ஒன்று, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது ஒன்று, மற்றவர்கள் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நம்புவது ஒன்று. மூன்றாவதுதான் நம் தொழிலில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. போனைத் திறந்தால் துவாரமே இல்லாத முகங்கள் வரிசையாக வருகின்றன, பலவற்றில் ஃபில்டர் இருக்கும், ஃபில்டர் இல்லாவிட்டாலும் முகத்துக்கு நேரே ரிங் லைட் இருக்கும். நேரே வருகிற வெளிச்சம் நிழல்களை விழுங்கிவிடும், மேடுபள்ளம் தட்டையாகிவிடும். அந்தப் படத்தை மனசில் வைத்துக்கொண்டு எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற முகத்தில் வேலை செய்தால் வேலை எப்படி முடியும்? கிளையண்ட் அந்தப் படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்று கேட்டால், நான் நிறங்களைப் பற்றிப் பேசுவேன், கண் எவ்வளவு அழுத்தமாக வேண்டும் என்று கேட்பேன். அந்தத் தோலை வாக்குறுதியாகக் கொடுக்க மாட்டேன்.

ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை. என்னோடு வேலை செய்த ஒரு பெண், மிகத் திறமைசாலி, நடுவயது அம்மா ஒருவருக்குப் புருவம் போட்டுக்கொண்டிருந்தாள். போடுவாள், பின்னால் சாய்ந்து பார்ப்பாள், நெற்றியைச் சுருக்குவாள், துடைப்பாள், மறுபடி போடுவாள். ஒரு வார்த்தை பேசவில்லை, கவனம் முழுக்க வேலையில். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா மெதுவாகக் கேட்டார்: “என் புருவம் அவ்வளவு மோசமாவா இருக்கும்மா?” அவள் பதறிப்போய், “ஐயோ இல்லம்மா, உங்க புருவம் நல்லா இருக்கு, எனக்குத்தான் திருப்தி வரல” என்றாள். அந்த அம்மா சிரித்தார், ஆனால் அதற்கப்புறம் கண்ணாடியில் புருவத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போதும் விரல் அங்கேதான் போனது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நம் முகத்தைப் பார்த்துத்தான் தன் முகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறார். நம் அதிருப்தி நம் வேலையின் மேல் என்பது அவருக்குத் தெரியாது, தன் முகத்தின் மேல் என்றுதான் எடுத்துக்கொள்வார். அன்று மாலை அவள் என்னிடம், “அக்கா, நான் வேகமா போடணும்னு நீங்க சொன்னப்போ நேரத்துக்காகச் சொல்றீங்கன்னு நினைச்சேன்” என்றாள். நேரத்துக்காகவும்தான். ஆனால் அந்த அம்மாவுக்காகத்தான் அதிகம்.

ஆகவே இப்போது எங்கள் வேலையில் சில பழக்கங்கள். துடைக்கும்போது முகம் சுளிப்பதில்லை. குறையை வாய்விட்டுச் சொல்வதில்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. ஒரு இடத்தைச் சரிசெய்ய இரண்டு முறை முயலலாம், மூன்றாவது முறை போகத் தோன்றினால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போக வேண்டும், கடைசியில் வந்து பார்க்கலாம். பெரும்பாலும் கடைசியில் அங்கே செய்ய ஒன்றும் இருக்காது. கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நிமிஷம் ஒதுக்கி, கடைசிப் பத்து நிமிஷத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைக்கிறோம். படப்பிடிப்புத் தளங்களில் ஷாட்டுக்குச் சற்று முன் ‘லாஸ்ட் லுக்ஸ்’ என்று குரல் கொடுப்பார்கள், மேக்கப் ஆட்கள் ஓடிப் போய்ப் பளபளப்பை ஒற்றி, கலைந்ததைச் சரிசெய்து உடனே விலகிவிட வேண்டும். அந்தக் குரல் யாரும் கொடுக்காத இடத்திலும் நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளலாம். எழுந்து நில்லுங்கள், இரண்டடி பின்னால் போங்கள், கண்ணாடி வழியாக முகத்தைப் பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கண்ணாடி இடவலம் மாற்றிக் காட்டும், படம் மாற்றாது, இரண்டிலும் கண்ணை உறுத்துவது எதுவோ அதை மட்டும் தொடுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் பயிற்சிக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தோழியையோ தங்கையையோ உட்கார வைத்து, நாற்பத்தைந்து நிமிஷத்துக்கு டைமர் வைத்து முழு முகமும் போடுங்கள், மணி அடித்ததும் எந்த நிலையில் இருந்தாலும் பிரஷ்ஷை வைத்துவிடுங்கள். ஒரு கை நீளத் தூரத்திலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபில்டர் இல்லாமல் படம் எடுங்கள். வேலை நடந்தபோது உங்களை எது தொந்தரவு செய்தது என்று அப்போதே எழுதிவிடுங்கள். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்து, எழுதியதில் எது உண்மையிலேயே தெரிகிறது என்று பார்த்து, தெரியாததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். மீதி நிற்கிறவைதான் அடுத்த வாரப் பயிற்சி, அதிலும் முதல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.